நாராயணபெருமாளுக்கு நான் வாசிக்காத பக்கங்கள்

எங்கள் கிளை நூலகத்தின் ஐம்பதாவது ஆண்டு மலருக்கு நாராயணபெருமாள் அண்ணாச்சியைப் பற்றி எழுதித் தரும்படி நூலகர் சுனிதா என்னிடம் கேட்டாள். "நீங்கதானே ஆன்ட்டி ஆறு வருஷமா அவருக்கு வாசிச்சிய. நல்லதா ஒரு பக்கம் எழுதித் தாங்க. கண் தெரியாத ஒருத்தரு நம்ம லைப்ரரில இவ்வளவு புஸ்தகம் கேட்டிருக்காருண்ணா அது நமக்கும் பெருமைலா" என்றாள்.

நல்லதாக ஒரு பக்கம் எழுத எனக்குத் தெரியும். ஆனால் அவரைப் பற்றி எழுதினால் என் பொறாமையைப் பற்றியும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதினால் மறுபடியும் ஒரு பக்கத்தைத் தாண்டியவள் ஆவேன். தாண்டிப் பட்டது போதும். அதனால் எழுதியது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஒரு வரிகூட வெட்டாமல் அச்சில் போடுவதாகச் சுனிதாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் இதைக் கொடுக்கிறேன்.

அண்ணாச்சிக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. நாகர்கோவில் கோட்டாற்றில் முப்பது வருஷம் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்தவர். மட்டி, ஏத்தன், செந்துளுவன் என்று லாரியிலிருந்து இறங்கும் குலையின் காம்பைத் தொட்டே எந்த ஊர்த் தோட்டத்தில் வெட்டியது, எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவாராம். ஐம்பத்தெட்டாவது வயதில் சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோனது. கண் இருந்த காலத்தில் புத்தகம் என்று ஒன்றைக் கையில் எடுத்தவர் இல்லை. கண் போனபிறகு மகன் கடையை ஏற்றுக்கொண்டு, அப்பாவை ஒரு நாற்காலி போட்டு முன்னால் உட்காரவைத்தான். வருகிறவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தி, நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். மூன்றாம் மாதம் எழுந்துவிட்டார். "பாவம் பாத்து பேசுதவனுக்க பேச்சு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மண்டைக்காட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரில் மனைவி நாகம்மையோடு வந்து இருந்துகொண்டார். இந்த வாக்கியத்தை நான் அப்போதே ஒழுங்காகக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

நாகம்மை அக்கா செவ்வாயும் சனியும் சந்தைக்குப் போவாள். போகும்போது அவரை நூலகத்தில் விட்டுவிட்டுப் போவாள். அந்த வருஷம்தான் வாசற்படிக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த சாய்தளம் கட்டியிருந்தார்கள். ஊரில் உள்ளவர்கள் அதை பைக் நிறுத்தக் கட்டியதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். சுனிதா தினமும் வெளியே வந்து "இது நடக்குதவங்களுக்கு" என்று கத்திக் கத்தியே அதை மீட்டாள். அண்ணாச்சி கைப்பிடியைப் பிடித்து ஏறி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மற்றவர்கள் தாள் புரட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். கை ஒழிந்தால் சுனிதா தலைப்புச் செய்தி வாசித்துக் காட்டுவாள். அவளுக்கு எங்கே கை ஒழிகிறது?

இனி நான் யார் என்பதைச் சொல்ல வேண்டும். என் பெயர் நேசபாய். ஊரில் எக்சேஞ்ச் நேசபாய் என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வயதில் நாகர்கோவில் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ட்ரங்க் கால் காலம் அது. யாருக்கு யாரோடு பேச வேண்டும் என்றாலும் என் குரலைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறகு தானாகவே இணைப்புக் கொடுக்கும் இயந்திரங்கள் வந்தன. என்னைப் புகார் வாங்கும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். மிச்ச வருஷங்களை அங்கே தள்ளினேன். என் குரலை ஒருதடவை இயந்திரம் தின்றுவிட்டது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் என் கணவர் ஜேசுதாஸ் டிவி சத்தத்துக்கு மேலே நான் சொன்ன பத்து வார்த்தையைத் தொடர்ச்சியாகக் கேட்டதில்லை.

2018இல் ஓய்வுபெற்றேன். அடுத்த மாதமே நூலகத்துக்குப் போய், அவருக்கு நான் வாசிக்கட்டுமா என்று சுனிதாவிடம் கேட்டேன். அவர் முன்னால் உட்கார்ந்து, "என்ன வாசிக்கணும் அண்ணாச்சி?" என்றேன். அவர் தலையைச் சாய்த்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"என்ன வாசிக்கணும்?"

"இது திருவனந்தபுரம் லைன் கெடைக்காதுண்ணு சொல்லுத சத்தம்லா!" என்று மேசையில் ஓங்கித் தட்டினார். "ஒங்களால எனக்க எத்தன லோடு ஏத்தன் பழுத்துப் போச்சு தெரியுமா எக்சேஞ்சம்மா?"

நூலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று முதல் நான் அவருக்கு எக்சேஞ்சம்மா. நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்பதால் பழைய செய்தித்தாள் கட்டு வைத்திருந்த பின்னறையைச் சுனிதா எங்களுக்கு ஒதுக்கித் தந்தாள். செவ்வாயும் சனியும் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை வாசிப்போம். அவர் வலது கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொள்வார். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப வாசிக்க வேண்டும். இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். கதையில் யாராவது முட்டாள்தனம் செய்தால் உள்ளங்கையால் அடிப்பார். ட்ரங்க் கால் காலமெல்லாம் இரண்டு பேரை இணைத்துவிட்டு நடுவிலிருந்து விலகிக்கொண்டவள் நான். முதல்தடவையாக என் குரலுக்கென்றே ஒருவர் காத்திருந்தார். அதன் ருசி தெரிந்தவர்களுக்குத்தான் அடுத்து நான் செய்தது புரியும்.

கொரோனாவில் நூலகத்தைப் பூட்டியபோது தொலைபேசியில் வாசித்தேன். நாகம்மை அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாள். "அந்தச் சவத்துப் பயல நம்பாதட்டி" என்று கதாநாயகிக்குப் புத்தி சொல்லுவாள். இரண்டாம் அலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். மருத்துவமனையிலிருந்து பொதிந்து கட்டி நேரே கொண்டுபோனார்கள். யாரையும் தொட விடவில்லை. அன்றைய விதி அப்படி. எதையும் கையால் பார்க்கிற மனிதர் தன் மனைவியைக் கடைசியாக ஒருதடவை கையால் பார்க்கவில்லை.

நூலகம் திறந்து, அவர் கம்பைத் தட்டிக்கொண்டு தனியாகவே வர ஆரம்பித்து, நாங்கள் மறுபடியும் உட்கார்ந்தபோது கையில் இருந்தது ஒரு தோணிக்காரனைப் பற்றிய நாவல். நூற்றுப் பதினேழாம் பக்கம் வந்தது. வலதுபக்கம் முதல் வரியிலேயே தோணிக்காரனின் மனைவி காய்ச்சலில் சாகிறாள். கண் அந்த வரியைப் பார்த்துவிட்டது, வாய் வாசிக்க மறுத்துவிட்டது. எதிரே அவருடைய கை விரிந்து கிடந்தது. மூன்று தாள்களைச் சேர்த்துப் புரட்டினேன். "அவள் கொல்லத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள்" என்றேன்.

ஒருத்தியைச் சாகாமல் வைப்பது லேசான காரியம் இல்லை. அதன்பிறகு புத்தகம் முடியும்வரை தோணிக்காரன் அழுதுகொண்டே இருந்தான். அவன் ஏன் அழுகிறான் என்பதற்கு நான் ஒவ்வொரு தடவையும் காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் தாங்காமல் கொல்லத்திலிருந்து அவள் ஒரு கடிதம் எழுதியதாகச் சொன்னேன். ஏழெட்டு வரிக் கடிதம். புத்தகத்தைப் பார்த்தபடியே வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முடித்ததும் அண்ணாச்சி விரலால் ஒரு தட்டுத் தட்டினார். திரும்பச் சொன்னேன். மறுபடி தட்டினார். நாலு தடவை. அதில் எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது. பிறகும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, "அந்த லெட்டர ஒண்ணு வாசிங்க எக்சேஞ்சம்மா" என்பார். நான் அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்து வந்து, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுவேன்.

அதுவே பழக்கமாகிவிட்டது. பாம்பு கடித்த ஒரு வாத்தியாரைப் பச்சிலை கொடுத்துப் பிழைக்கவைத்தேன். ஒரு ராஜாவைக் காசிக்கு அனுப்பினேன். தூக்குப்போட்டுக்கொள்ளவிருந்த ஒருவனைத் துபாய்க்கு விமானம் ஏற்றிவிட்டேன். அந்தக் கதை நடந்த காலத்தில் துபாயில் வேலையே கிடையாது. அண்ணாச்சி உள்ளங்கையால் ஒரு அடி அடித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. கருணையால் செய்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

போன வருஷம் பெட்டி வந்தது.

நாகர்கோவிலிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியது. மேசைவிளக்கு மாதிரி வளைந்த கழுத்து, நுனியில் ஒரு காமிரா, கீழே கறுப்புப் பலகை. புத்தகத்தை விரித்துப் பலகையில் வைத்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினால் படம் பிடித்து, அச்சில் இருப்பதைப் பெண்குரலில் சத்தமாக வாசிக்கும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் நிறுத்தும். அதை எங்கே வைப்பது? சத்தம் போடுகிற சாமான் என்பதால் எங்கள் பின்னறையில் வைத்தார்கள். என் நாற்காலியை நகர்த்திவிட்டுத்தான் வைத்தார்கள்.

முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆமாம், அவள்தான். மூச்சு வாங்காமல் வாசித்தாள். தும்மல் இல்லை, தண்ணீர் குடிக்கிறது இல்லை. வாக்கியத்துக்கு நடுவே "பக்கம் நாற்பத்தி இரண்டு" என்பாள். ழகரத்தை வழுக்கிக்கொண்டு போனாள். வாழைப்பழம் விற்ற மனிதருக்கு இதைக் கேட்டால் எரிச்சல் வரும் என்று ஆசையோடு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "ஏட்டி, நல்லா ஓடுதியேட்டி! பய்ய, மெள்ள போ" என்று பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். ஆறு வருஷத்தில் என்னை அவர் ஏட்டி என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய வயதும் முறையும் இல்லைதான். என்றாலும் வயிறு எரிந்தது.

பொத்தான்களைப் பழக்கித் தந்தவள் ஆதிரா. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் பெண். பிறவியிலேயே பார்வை குறைவு. கனமான லென்ஸைத் தாளில் ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தெரியும். பெட்டி வந்த பிறகுதான் எங்கள் நூலகத்துக்கே வர ஆரம்பித்தாள். "இத்தன நாளு எங்க போன? நான் வாசிச்சுத் தந்திருப்பேனே" என்று கேட்டேன்.

"ஒருத்தரு இருந்து வாசிச்சா, புரியல்ல, திரும்ப வாசிங்கண்ணு எத்தன வாட்டி ஆன்ட்டி கேக்கது? இதுட்ட நூறு வாட்டி கேக்கலாம். சலிச்சுக்காது" என்றாள்.

நான் சலித்துக்கொண்டேனா என்ன? அவள் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று தெரிந்தும் அவள்மேலும் கோபம் வந்தது. அண்ணாச்சி வாரம் முழுவதும் வர ஆரம்பித்தார். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகூடக் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்து பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாராம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான் போனால், "கொஞ்சம் இருங்க எக்சேஞ்சம்மா, இந்த அத்தியாயம் தீரட்டும்" என்பார். நான் செய்தித்தாள் கட்டின்மேல் உட்கார்ந்து அவள் வாசிப்பதைக் கேட்பேன். என் வீட்டுக்கு ஒருத்தி வந்து என் அடுப்பில் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"பெட்டிக்கிட்ட போயி பொறாமப்படுதியே, ஒனக்கு என்ன கிறுக்கா?" என்றார் ஜேசுதாஸ். அன்று மட்டும் டிவியின் சத்தத்தைக் குறைத்திருந்தார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை போனபோது அண்ணாச்சி முகம் சரியில்லாமல் உட்கார்ந்திருந்தார். பலகையில் தோணிக்காரன் நாவல் கிடந்தது.

"நானே அந்த லெட்டரக் கேக்கலாம்ணு பாத்தேன். மூணு நாளா மொதல்லேந்து கேக்கேன். லெட்டரக் காணல்ல. பெட்டி தப்பு தப்பா வாசிக்குது எக்சேஞ்சம்மா. அவ செத்துப் போயிட்டாளாம்! அவ கொல்லத்துக்குல்லா போனா?"

அச்சில் இருந்ததை அவர் காதால் கேட்டிருந்தார். கேட்டும் என்னைத்தான் நம்பினார்.

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. அதை மறைத்துப் பயன் இல்லை. "மெஷின்தானே அண்ணாச்சி. அது அப்படித்தான் விட்டு விட்டு வாசிக்கும்" என்றேன். நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடிதத்தைச் சொன்னேன். அவர் கை மேசைமேல் விரிந்தது. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரியட்டும் என்று நினைத்தேன்.

சுனிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஆன்ட்டி, அந்த புஸ்தகம் நீங்க முழுசா வாசிச்சதுலா? மெஷின் தப்பா வாசிக்குதுண்ணு அண்ணாச்சி சொல்லுதாரு. உள்ளதா?"

"உள்ளதுதான்" என்றேன். துணிந்து சொன்ன பொய்.

அவள் கடிதம் எழுதிப் போட்டாள். இயந்திரம் கொடுத்தவர்கள், குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும், சென்னைக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறோம், திரும்பி வர நாலைந்து மாதம் ஆகும் என்றார்கள். திங்கள்கிழமை எடுக்க வருவதாகத் தகவல் வந்தது. அந்த ஒரு வாரம் அண்ணாச்சி பெட்டியைத் தொடவில்லை. நானே வாசித்தேன். தொண்டை கட்டியபோதும் வாசித்தேன். வேறு சமயமாக இருந்தால் இனித்திருக்கும்.

சனிக்கிழமை நான் உள்ளே நுழையும்போது ஆதிரா அட்டைப்பெட்டியை மடக்கி ஒட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் அவளுக்கு செமஸ்டர் தேர்வு. என்னைப் பார்த்ததும் தோணிக்காரன் நாவலை எடுத்து வந்தாள்.

"ஆன்ட்டி, நான் லென்ஸ் வச்சுப் பாத்தேன். நூத்தி பதினேழுல அந்த அம்மா சாகத்தான் செய்யுதா. மெஷின் சரியாத்தான் வாசிக்கு." லென்ஸைப் பையில் வைத்தாள். "நீங்க வாசிச்சது வேற பதிப்பா இருக்குமோ?"

அந்த ஒரு பக்கத்தைப் படிக்க அவளுக்கு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். படித்து, விஷயம் புரிந்து, நான் விழாமல் நிற்க ஒரு கைப்பிடியையும் அவளே வைத்துக்கொடுத்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "இருக்கும் மக்கா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் ஒட்டுநாடாவைக் கிழிக்கப் போனாள். அதன் நுனி அவளுக்குத் தெரியவில்லை. நகத்தால் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்க்க முடியாமல் பின்னறைக்குப் போனேன். அண்ணாச்சி காத்திருந்தார்.

"அவ செத்துதான் போனா அண்ணாச்சி" என்றேன்.

"யாரு?"

"தோணிக்காரன் பொண்டாட்டி. நூத்தி பதினேழாம் பக்கம். பெட்டி வாசிச்சதுதான் சரி. நான் தாளப் பொரட்டிட்டேன்."

அவர் விரல்கள் அசையவில்லை. "அப்பம் லெட்டரு?"

"அது புஸ்தகத்துல இல்ல. நான் சொன்னது."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவர் மேசையிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அவ ஒருத்தி மட்டுந்தானா?"

நான் எண்ணினேன். வாத்தியார், ராஜா, துபாய்க்குப் போனவன், இன்னும் இருந்தார்கள். "பதினொண்ணு பேரு" என்றேன்.

"பதினொண்ணு பேர சாவாம வச்சிருக்கிய." குரல் உயரவில்லை. "எனக்குக் கண்ணுதானே போச்சு எக்சேஞ்சம்மா? சாவக் கேட்டா தாங்க மாட்டேன்ணு ஒங்களுக்கு யாரு சொன்னா? கடையில இருந்து எந்திரிச்சு வந்தது எதுக்காக்கும்? நீங்களும் பாவம் பாத்துட்டிய."

கம்பைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிடிக்கப்போன என் கையை விலக்கிவிட்டார். கைப்பிடியைத் தடவிப் பிடித்துச் சாய்தளத்தில் இறங்கிப் போனார். நான் சுனிதாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. தொலைபேசியை எடுத்து, திங்கள்கிழமை வர வேண்டாம், குறை இயந்திரத்தில் இல்லை என்று மட்டும் சொன்னாள். ஆதிரா ஒட்டியதை எல்லாம் பிரித்தாள்.

இரண்டு வாரம் அவர் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தார், பெட்டியிடம் போய் உட்கார்ந்தார். நான் வாசலில் நிற்பதைச் செருப்புச் சத்தத்தில் அறிந்திருப்பார். பேசவில்லை. தாண்டிய பக்கங்களையெல்லாம் அவளிடம் கேட்டு முடிக்கப் போகிறார் என்று தெரிந்தது. வாத்தியார் பாம்பு கடித்துச் செத்தார். ராஜா காசிக்குப் போகாமலே செத்தார். நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்களை எல்லாம் அவள் மூச்சு வாங்காமல் வரிசையாகக் கொன்றாள். நான் செய்தி வாசிக்கும் அறையில் உட்கார்ந்து, தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை. என்னைத் தாண்டி ஆட்கள் போய்வந்தார்கள்; கடையில் உட்காரவைத்த அவரையும் எல்லாரும் இப்படித்தான் தாண்டிப் போயிருப்பார்கள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னறையில் குரல் நடுவாக்கியத்தில் நின்றது. சிவப்புப் பொத்தான். பிறகு மேசையில் விரலால் ஒரு தட்டு.

நான் அசையவில்லை. பெட்டியைத்தான் தட்டுகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் ஒரு தட்டு. "எக்சேஞ்சம்மா, அங்கதானே இருக்கிய? இங்க வாருங்க."

போனேன். பலகையில் தோணிக்காரன் இருந்தான். இடதுபக்கம் முடிந்திருந்தது.

"அடுத்த பக்கத்துல சாவப் போறா" என்றார். "இவ வாசிச்சா, காப்பி குடிச்சாண்ணு சொல்லுத மாதிரியே செத்துப்போனாண்ணும் சொல்லுதா. மத்த எல்லாத்தயும் இவ வாசிக்கட்டும். இத நீங்க வாசிங்க. ஒரு வரி விடப்பிடாது."

நூற்றுப் பதினேழாம் பக்கத்தை வாசித்தேன். காய்ச்சலை வாசித்தேன். அவன் அவள் நெற்றியில் கை வைத்ததை வாசித்தேன். நடுவில் நின்றுபோனபோது மறுபடியும் அதே வரியிலிருந்து எடுத்தேன். மூன்று தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அவருடைய கை மேசைமேல் விரிந்தே இருந்தது. கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை. நாகம்மை அக்கா போனபிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அந்த அழுகையை மூன்று வருஷம் தடுத்து வைத்திருந்தவள் நான்.

முடிந்ததும், "இனி லெட்டரு" என்றார்.

"அது புஸ்தகத்துல இல்லியே அண்ணாச்சி."

"இல்லண்ணு எனக்குத் தெரியாதா? வாசிங்க."

சொன்னேன். அவர் ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி சொன்னேன்.

இப்போது செவ்வாயும் சனியும் என் முறை. மற்ற நாள் அவளோடு. எந்தப் புத்தகத்திலும் ஒருவர் சாகப்போகிறார் என்று தோன்றினால் சிவப்புப் பொத்தானை அமுக்கி எனக்காக வைத்துவிடுகிறார். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். திங்கள்கிழமை காலையில் அவள் என்ன வாசித்துக்கொண்டிருப்பாள் என்று அடுக்களையில் நின்று நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதித் தரச் சொன்னார், வேண்டும்போது பெட்டியில் வைத்துத் தானே கேட்டுக்கொள்ளலாம் என்று. எழுதிக் கொடுத்தேன். பெட்டி திணறியது. "கையெழுத்து அதுக்கு வாசிக்கத் தெரியாது ஆன்ட்டி, அச்சுலதான் இருக்கணும். தாங்க, நான் டைப் அடிச்சுத் தாரேன்" என்றாள் ஆதிரா. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அப்புறம் தருகிறேன் என்றேன். மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்று மாதமாக மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது ஒன்றாவது என்னிடமிருந்துதான் அவருக்குக் கிடைக்கட்டும் என்ற எண்ணம்.

இந்த மலர் அச்சாகி வந்தால் அண்ணாச்சி முதலில் பெட்டியில்தான் வைப்பார் என்று சுனிதா சொன்னாள். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். அண்ணாச்சி, இதுவரை நீங்கள் கேட்டது எல்லாம் அவள் குரலில்தான். இதுவும் அவள் குரலிலேயே வரட்டும். இனி இதற்கு நான் வேண்டாம். வேண்டும்போது பச்சைப் பொத்தானை அமுக்குங்கள். அச்சில் போட்டுவிட்டேன்:

"அங்கே இருக்கும் உங்களுக்கு, கொல்லத்திலிருந்து நான் சொல்வது. அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருட்டும் முன்னே தோணியைக் கட்டிவிடுங்கள். தண்ணீர்க் குடத்தை மூடி வையுங்கள். நான் இல்லையே என்று பாதிச் சோற்றில் எழுந்திருக்க வேண்டாம். புறப்படும்போது என் கையைப் பிடிக்க முடியாமல் போனதை நினைத்துக்கொண்டே இருக்கிறீர்களாம்; தோணித்துறையில் வந்தவர்கள் சொன்னார்கள். கூட்டம் நம்மை விடவில்லை. நீங்கள் கரையில் கையை நீட்டிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது."